டி.என்.ஏ. சோதனையில் 'கேரியர்' என்று வந்த பெண் லாப்ரடாரைக் குட்டி போட விடலாமா?

உங்கள் பெண் லாப்ரடாருக்கு இரண்டே கால் வயது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து நீங்களே டி.என்.ஏ. சோதனைக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். இருநூற்றுச் சொச்சம் நோய்களில் எல்லாம் 'கிளியர்', இ.ஐ.சி. என்ற ஒன்றில் மட்டும் 'கேரியர்'. இனி குட்டி எடுக்கலாமா, கருத்தடை செய்துவிட வேண்டுமா, வேறு சோதனை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

கேரியர் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்க வேண்டியதில்லை. அது சின்ன விஷயம். லாப்ரடாருக்கு முக்கியமானவை இடுப்பு எக்ஸ்ரே, முழங்கை எக்ஸ்ரே, கண் மருத்துவரின் பரிசோதனை ஆகிய மூன்றும்தான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த மூன்றையும் இன்னும் எடுக்கவே இல்லை. கையில் இருக்கும் அறிக்கையில் இருநூறு வரிகள் இருக்கலாம், இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் கிடையாது.

முதலில் இ.ஐ.சி. கடுமையாக ஓடும்போது பின்னங்கால்கள் துவண்டு நாய் விழுந்துவிடும் நோய் அது. பந்தைத் திரும்பத் திரும்ப எறிந்து விளையாடும்போது, ஐந்து முதல் இருபது நிமிடத்துக்குள் நாய் தள்ளாட ஆரம்பிக்கும், பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். வலி இருக்காது, பெரும்பாலும் நினைவும் தப்பாது. அநேகமாக அரை மணி நேரத்துக்குள் எழுந்து சாதாரணமாகிவிடும். ஆனால் விழுந்த இடத்திலேயே இறந்துபோன நாய்களும் உண்டு. டி.என்.எம்.1 என்ற மரபணுவில் இருக்கும் ஒரு மாற்றம்தான் காரணம் என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து இதற்குச் சோதனை இருக்கிறது.

ஒவ்வொரு மரபணுவும் நாயிடம் இரண்டு பிரதியாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டும் பழுதாக இருந்தால்தான் இ.ஐ.சி. வரும். உங்கள் நாயிடம் பழுதானது ஒன்று, நல்லது ஒன்று. கேரியர் என்பது இதுதான். அதற்கு இந்த நோய் வராது, குட்டிகளுக்கு அந்தப் பழுதைக் கொடுக்க மட்டும் முடியும். 'கிளியர்' என்று வந்த, அதாவது இரண்டு பிரதியும் நல்லதாக இருக்கும் ஆண் நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்குக்கூட நோய் வராது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் கேரியராகவும் பாதி கிளியராகவும் பிறக்கும். இன்னொரு கேரியரோடு சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு, பாதி வாய்ப்பு கேரியராக, நாலில் ஒரு பங்கு கிளியராக. நாலு குட்டி போட்டால் ஒன்றுதான் நோயாளி என்று இதற்கு அர்த்தமில்லை. நாணயத்தைச் சுண்டுவது மாதிரிதான், நாலும் நன்றாக இருக்கலாம், மூன்று கெட்டுப்போகலாம்.

ஆக உங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஆண் நாய் இ.ஐ.சி. கிளியராக இருக்க வேண்டும். அப்புறம் குட்டிகளைச் சோதித்து, எது கேரியர் என்பதை வாங்குகிறவர்களிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பால் குடிக்கும் வயதில் மாதிரி எடுக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் கவனம் தேவை. வாயில் தாயின் செல்கள் ஒட்டியிருந்தால் தாயின் முடிவே குட்டியின் முடிவாக வந்துவிடும். குட்டியைச் சற்று நேரம் தனியே வைத்திருந்து, வாயைத் துடைத்துவிட்டு எடுக்கச் சொல்வார்கள். பால் மறந்த பிறகு எடுப்பது இன்னும் நிம்மதி.

சரி, அந்த இருநூறு 'கிளியர்'? பெரிய எண்ணாகத் தெரிகிறது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை லாப்ரடாரில் காணப்படாதவை. வேறேதோ ஒரு இனத்தின் ஒரு வம்சத்தில் கண்டுபிடித்த மாற்றம் உங்கள் நாயிடம் இல்லை என்பது செய்தியே அல்ல. இந்த இனத்துக்கு உண்மையிலேயே பொருந்துபவை ஒரு கைவிரலில் எண்ணிவிடக் கூடியவை. இ.ஐ.சி., விழித்திரை மெல்ல அழியும் பி.ஆர்.ஏ. நோயின் பி.ஆர்.சி.டி. வகை, தசை பலவீனமாகும் சி.என்.எம்., மூக்கின் தோல் காய்ந்து வெடிக்கும் எச்.என்.பி.கே., கால்கள் குட்டையாகும் எஸ்.டி.2 போன்றவை. அறிக்கையில் இவற்றின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். சில நிறுவனங்களின் பட்டியலில் இருநூறு நோய் இருந்தும் இவற்றில் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா டி.என்.ஏ. சோதனையும் இ.ஐ.சி. போல நேரடியாகப் பேசாது. டி.எம். என்ற தண்டுவட நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வயதான ஜெர்மன் ஷெப்பர்டு, கோர்கி, பாக்ஸர் போன்ற இனங்களில் பின்னங்கால்கள் மெதுவாகச் செயலிழந்துகொண்டே போகும். எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவோடு இதற்குத் தொடர்பு உண்டு என்று 2009-ல் தெரியவந்தது. ஆனால் இரண்டு பிரதியும் பழுதான நாய்களில் பல, நோய் வராமலேயே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகின்றன. அங்கே 'பாதிப்பு' என்று வரும் முடிவை 'ஆபத்து கூடுதல்' என்றுதான் படிக்க வேண்டும். டோபர்மேன்களின் இதய நோய்க்கும் மரபணுச் சோதனை விற்கிறார்கள், அதில் கிளியர் என்று வந்த டோபர்மேனும் அதே நோயில் செத்திருக்கிறது. முடிவைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த இனத்தில் இந்தச் சோதனைக்கு என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டும்.

இப்போது இடுப்பு. உங்கள் பணத்தையும் நேரத்தையும் முதலில் இங்கேதான் போடச் சொல்வேன்.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அது உட்காரும் குழி ஒரு கிண்ணம். பிறக்கும்போது எல்லாக் குட்டிக்கும் அது சரியாகவே இருக்கும். வளரும்போது மூட்டு தளர்வாக இருந்தால் பந்து கிண்ணத்துக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாகும், பந்து உருண்டையில்லாமல் தேயும், கடைசியில் மூட்டுவாதம். டிஸ்பிளாசியா என்பது இதுதான். ஒற்றை மரபணுவின் வேலை இல்லை இது. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து செய்வது, கூடவே உணவும் எடையும் சேரும். அதனால்தான் உங்கள் பஞ்சுக்குச்சி இதைப் பிடிக்கவில்லை.

மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னாரே என்கிறீர்களா? நானும் அப்படி ஒரு காலத்தில் நினைத்தவன்தான். என்னிடம் ஒரு பெண் நாய் இருந்தது. அரை ஆள் உயரச் சுவரை ஓடிவந்து தாண்டும், மணிக்கணக்கில் நீந்தும், ஒரு நாள் நொண்டியதில்லை. சம்பிரதாயத்துக்கு எடுப்பதாக நினைத்துத்தான் எக்ஸ்ரே எடுத்தேன். இடது பக்கத்தில் பந்தின் பாதி கிண்ணத்துக்கு வெளியே இருந்தது. நல்ல தசையுள்ள இளம் நாய் இதை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடும். அதற்குக் கருத்தடை செய்தேன். எட்டு வயதுக்கு மேல் மாடிப்படி ஏற முடியாமல் நின்றபோதுதான், எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் அதற்குள் எத்தனை ஈற்றுக் குட்டிகள் ஊர் முழுக்கப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எக்ஸ்ரேயை வீட்டுப் பக்கத்து மருத்துவமனையில் எடுத்துவிட்டு அங்கேயே 'ஓகே' வாங்கிக்கொள்வது போதாது. படத்தை மதிப்பிடுவதற்கென்று அமைப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1966-ல் தொடங்கிய ஓ.எஃப்.ஏ. படத்தை மூன்று கதிரியக்க மருத்துவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து எக்ஸலண்ட், குட், ஃபேர், எல்லைக்கோடு, அதற்குக் கீழே டிஸ்பிளாசியாவில் லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று ஏழு தரமாகப் பிரிக்கும். இறுதிச் சான்றுக்கு நாய்க்கு 24 மாதம் நிறைந்திருக்க வேண்டும், அந்த வகையில் உங்கள் நாய்க்கு வயது சரியாக வந்துவிட்டது. பிரிட்டனில் கால்நடை மருத்துவர் சங்கமும், நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பும் சேர்ந்து நடத்தும் திட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 0 முதல் 53 வரை, இரண்டும் கூட்டி 106 வரை மதிப்பெண். பள்ளிக்கூட மதிப்பெண்ணுக்கு நேர் எதிர், குறைந்தால் நல்லது. அங்கே ஒரு வயதிலிருந்தே எடுக்கலாம். ஐரோப்பாவில் பல நாடுகள் பின்பற்றும் எஃப்.சி.ஐ. முறையில் ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்து.

இவை எல்லாவற்றிலும் நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி, முழங்கால்களைச் சற்று உள்பக்கம் திருப்பிப் படம் எடுப்பார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான பென்ஹிப் முறை வேறு மாதிரி. மயக்கத்தில் இருக்கும் நாயின் மூட்டை லேசாக விலக்கி, பந்து எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளக்கிறார்கள். பூஜ்யம் என்றால் இறுக்கம், 1-ஐ நெருங்க நெருங்கத் தளர்வு. 0.30 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மூட்டுவாதம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 16 வாரக் குட்டியிலிருந்தே எடுக்கலாம் என்பது இதன் பெரிய லாபம். இரண்டு வயது வரை காத்திருந்து மனம் உடைவதற்குப் பதில், எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், பயிற்சி பெற்ற மருத்துவர் கிடைத்தால் பென்ஹிப்பையே எடுப்பேன். கிடைக்கவில்லை என்றால் மற்ற முறைகளில் எதுவானாலும் ஒன்றும் எடுக்காமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

படம் கோணலாக விழுந்தால் நல்ல இடுப்பும் மோசமாகத் தெரியும், மோசமானதும் தப்பிக்கும். தசை இறுக்கமாக இருந்தால் மூட்டின் தளர்வு ஒளிந்துகொள்ளும். அதனால் மயக்க மருந்து வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள். உங்களுடையது பெண் நாய் என்பதால் ஹீட் சமயத்தையும், அதாவது இணை சேரத் தயாராகும் நாட்களையும் பார்க்க வேண்டும். அந்த நாட்களின் ஹார்மோன்கள் சில நாய்களில் மூட்டைத் தளர்த்திக் காட்டும். ஹீட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்போ பின்போ எடுப்பதுதான் சரி.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 48 லாப்ரடார் குட்டிகளை, ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஈற்றில் பிறந்தவையாக இருக்கும்படி இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு, 2002-ல் முடிவுகள் வந்தன. அளவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டுவாதமும் அளவாகத் தின்றவற்றில் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. இது நமக்கு இரண்டு பக்கமும் உதைக்கும் செய்தி. ஒல்லியாக வளர்த்த நாய்க்கு நல்ல எக்ஸ்ரே வந்தால் மரபணுவும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கொழுக்க வைத்த நாய்க்கு மோசமாக வந்தால் எல்லாப் பழியையும் பெற்றோர் மேல் போடவும் முடியாது. (லாப்ரடார் எப்போது பார்த்தாலும் பசியோடு இருப்பதற்கும் ஒரு மரபணுக் காரணம் உண்டு. பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருப்பதை 2016-ல் கண்டுபிடித்தார்கள், ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாரிடம் அது இருக்கிறது. உங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் திட்டாதீர்கள்.)

அதனால்தான் ஒரு நாயின் எக்ஸ்ரேயை மட்டும் பார்க்காமல் அதன் கூடப்பிறந்தவை, தாய் தகப்பன், அவற்றின் கூடப்பிறந்தவை எப்படி என்று கேட்கச் சொல்கிறேன். தன் இடுப்பு எக்ஸலண்ட், ஆனால் கூடப்பிறந்த ஏழில் மூன்றுக்கு டிஸ்பிளாசியா என்ற நாயைவிட, தனக்கு ஃபேர், கூடப்பிறந்தவை எல்லாம் குட் என்ற நாய் இனப்பெருக்கத்துக்கு நம்பகமானது. முதல் நாய் சீட்டாட்டத்தில் அதிர்ஷ்டமாக வென்ற ஆள் மாதிரி, இரண்டாவதின் குடும்பமே சம்பாத்தியக்காரக் குடும்பம். உங்கள் நாயின் கூடப்பிறந்தவற்றை வாங்கியவர்கள் யார் என்று குட்டி கொடுத்தவரிடம் விசாரியுங்கள். அவரிடமே பட்டியல் இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

முழங்கை அதே மயக்கத்தில் அதே மேசையில் முடிந்துவிடும். முழங்கையை நன்றாக மடக்கிப் பக்கவாட்டில் ஒரு படம், சில திட்டங்களில் கூடுதலாக இன்னொன்று. 0 முதல் 3 வரை தரம், 0 தான் வேண்டும். இடுப்பை எடுத்துவிட்டு முழங்கையை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. முன்னங்கால்தான் நாயின் எடையில் பெரும்பங்கைச் சுமக்கிறது, முழங்கை கெட்டால் இடுப்பைவிடச் சின்ன வயதிலேயே நொண்டும்.

கண்ணுக்கு வருவோம். பி.ஆர்.சி.டி. கிளியர் என்று வந்துவிட்டதே, இனி கண் பரிசோதனை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சோதனை பி.ஆர்.ஏ.வின் ஒரு வகையை மட்டுமே பார்க்கிறது. பரம்பரைக் கண்புரை, விழித்திரை மடிப்பு, இமை உள்நோக்கி மடிந்து முடி கண்ணில் உரசுவது எதுவும் அதில் வராது. கால்நடைக் கண் மருத்துவரிடம் போனால், சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, கருவி வைத்து உள்ளே பார்ப்பார். வலியில்லாத, சில நிமிடத்து வேலை. ஆனால் இந்தச் சான்று ஒரு வருடத்துக்குத்தான். மூன்று வயதில் இல்லாத கண்புரை ஐந்தில் வரலாம். அதனால் இனப்பெருக்கத்தில் இருக்கும் வரை ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

இப்படி எந்த வயதில் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். மரபணு மாறாது, டி.என்.ஏ. சோதனை ஆயுளுக்கு ஒரு தடவை போதும். உடலைப் பார்க்கும் சோதனை அன்றைய தேதிக்குத்தான் பேசும். டோபர்மேன் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவற்றின் இதயத் தசை நோய் பெரும்பாலும் நடுவயதில்தான் வெளியே வருகிறது, அதற்குள் நாலைந்து ஈற்று முடிந்திருக்கும். அதனால் அவர்கள் ஒவ்வொரு வருடமும் இதயத்தை ஸ்கேன் எடுத்து, நாயின் உடம்பில் ஹோல்ட்டர் கருவியைக் கட்டி 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். ஒரு நாளில் நேரத்துக்கு முன்பே வரும் முறை தவறிய துடிப்பு 300-க்கு மேல் இருந்தால் நாய் பார்க்க எவ்வளவு திடமாக இருந்தாலும் நோய் வந்துவிட்டது என்றே அர்த்தம். கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலுக்கு இதய வால்வு. பெற்றோருக்கு இரண்டரை வயதிலும், அவற்றின் பெற்றோருக்கு ஐந்து வயதிலும் இதயத்தில் முணுமுணுப்பு இருக்கக் கூடாது என்பது அந்த இனத்துக்காரர்கள் கடைப்பிடிக்கும் விதி. சீக்கிரம் குட்டி எடுக்க அவசரப்படுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி, அதுதான் விதியின் நோக்கமும்.

மற்ற இனங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பட்டியல் இனத்துக்கு இனம் எவ்வளவு மாறும் என்பதைக் காட்ட இரண்டைச் சொல்கிறேன். டால்மேஷியன் குட்டிக்கு ஐந்து வாரம் ஆனதும் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் கைதட்டிக் கண்டுபிடிக்கவே முடியாது. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களின் மூச்சுச் சிக்கலைப் பார்க்க டி.என்.ஏ.வும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முறையில், மூன்று நிமிடம் வேகநடை நடக்க வைத்து, அதற்கு முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்து மூச்சைக் கேட்டு 0 முதல் 3 வரை தரம் போடுகிறார்கள்.

எந்தச் சோதனையுமே இல்லாத நோய்களும் ஏராளம். பெரும்பாலான வலிப்பு, தோல் ஒவ்வாமை, பல புற்றுநோய்கள், வயிறு முறுக்கிக்கொள்வது எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஒரே ஆயுதம் விசாரிப்பதுதான். பாட்டி எத்தனை வயதில் எதனால் இறந்தது, மாமா நாய்க்கு வலிப்பு உண்டா என்று கேளுங்கள். சுபாவமும் பரம்பரையாக வருவதுதான். சத்தத்துக்கு நடுங்கும் நாய், அந்நியரைக் கடிக்கப் பாயும் நாய், எவ்வளவு நல்ல எக்ஸ்ரே வைத்திருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இவ்வளவும் படித்த பிறகு, எதிலாவது சின்னக் குறை வந்தாலே ஒதுக்கிவிடுவோம் என்று தோன்றலாம். அங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பசென்ஜி என்ற ஆப்பிரிக்க இனத்தில் ஒருவகை ரத்தசோகை இருந்தது. 1970-களில் அதற்குச் சோதனை வந்ததும் அமெரிக்க வளர்ப்பாளர்கள் நோயாளிகளோடு கேரியர்களையும் மொத்தமாக ஒதுக்கினார்கள். ரத்தசோகை ஒழிந்தது. ஆனால் மிச்சமிருந்த சில வம்சங்களில் ஃபான்கோனி என்ற சிறுநீரக நோய் ஒளிந்திருந்தது, அது பரவிவிட்டது. கடைசியில் 1990-ல் இனப் பதிவேட்டைத் திறந்து ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த புதிய நாய்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கேரியரை ஒதுக்கும்போது அந்த ஒரு பழுதோடு நல்ல மரபணுக்கள் ஆயிரக்கணக்கானவற்றையும் சேர்த்தே தூக்கிப்போடுகிறோம். லாப்ரடார்களில் இ.ஐ.சி. கேரியர்கள் நிறைய. அத்தனையையும் நிறுத்தினால் இனத்துக்கு லாபம் இல்லை, நஷ்டம்தான். உங்கள் நாயைக் கிளியரோடு சேர்த்து, பிறக்கும் குட்டிகளில் மற்ற எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு கிளியரை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டால் பழுது போய்விடும், வம்சம் நிற்கும்.

டால்மேஷியன் இன்னும் விசித்திரம். சிறுநீரில் யூரிக் அமிலம் கூடிக் கல் உண்டாக்கும் மரபணுப் பழுது அந்த இனத்தின் எல்லா நாய்க்கும் இரண்டு பிரதியாக இருந்தது. எல்லாமே பழுது என்றால் சோதித்து எதைத் தேர்ந்தெடுப்பது? 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் பாயின்டர் என்ற வேறு இன நாயோடு ஒரே ஒரு முறை சேர்த்து, அதன் பின் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து, நல்ல பிரதியை உள்ளே கொண்டுவந்தார். தூய ரத்தம் கெட்டுவிடும் என்று எதிர்ப்பு இருந்தது. அமெரிக்க கென்னல் கிளப் அந்த வம்சத்தை 2011-ல்தான் பதிவுக்கு ஏற்றுக்கொண்டது.

இதோடு சேர்ந்த விஷயம் சொந்தத்தில் சேர்ப்பது. தாய்-மகன் அல்லது அண்ணன்-தங்கை சேர்ந்தால் குட்டியின் உள்ளினக் குணகம் (ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு) 25 சதவீதம், ஒரு பக்கம் மட்டும் உடன்பிறந்தவை என்றால் 12.5, பெற்றோரின் உடன்பிறந்தவர் பிள்ளைகள் சேர்ந்தால் 6.25. இது மற்ற மூதாதையர் யாரும் பொதுவாக இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு, தூய இனத்தில் நிஜம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பட்டம் வென்ற ஆண் நாய் ஒன்றிடமே எல்லாரும் வரிசையில் நிற்பதும் அதே ஆபத்துதான். அதன் உடம்பில் ஒளிந்திருக்கும், இன்னும் பெயரே வைக்காத ஒரு பழுது பத்து வருடத்தில் இனம் முழுக்கப் பரவிவிடும். உங்கள் ஊரில் எல்லாரும் அந்த ஒரு ஆண் நாயைத்தான் சொல்கிறார்கள் என்றால், நான் வேறொன்றைத் தேடுவேன்.

ஆண் நாய்க்காரரிடம் போகும்போது இடுப்பு, முழங்கை, இந்த வருடக் கண் சான்று, இ.ஐ.சி., பி.ஆர்.சி.டி. முடிவுகள் எல்லாவற்றையும் காகிதத்தில் கேளுங்கள். 'எல்லா பேப்பரும் இருக்கு' என்று ஒருவர் என்னிடம் பெருமையாக எடுத்துக் காட்டியது தடுப்பூசிப் புத்தகத்தை. மருத்துவர் பார்த்தார், தடுப்பூசி போட்டது, பதிவுச் சான்று இருக்கிறது என்பதெல்லாம் பரம்பரை நோய்ச் சோதனை ஆகாது. ஓ.எஃப்.ஏ. போன்ற அமைப்புகளின் முடிவுகளைப் பொதுத் தரவுதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், எண்ணைக் கேட்டு வாங்கித் தேடுங்கள். ஒரு நல்ல ஆண் நாய்க்காரர் உங்கள் நாயின் சான்றுகளையும் திருப்பிக் கேட்பார். கேட்கவில்லை என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

பரம்பரையோடு சம்பந்தமில்லாத ஒரு சோதனையும் உண்டு, புருசெல்லா கேனிஸ். இணை சேரும்போது தொற்றும் பாக்டீரியா. கருச்சிதைவு, மலட்டுத்தன்மை, பலவீனமான குட்டிகள், சில சமயம் முதுகெலும்பில் தொற்று என்று பல வழியில் கெடுக்கும். மனிதருக்கும் தொற்றும், குறிப்பாகப் பிரசவம் பார்க்கிறவருக்கு. முழுக்க ஒழிக்கும் நம்பகமான மருந்து இல்லை. சேர்ப்பதற்கு முன்பு இரண்டு நாய்க்கும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

கடைசியாக உங்கள் நாயின் நாட்காட்டி. இரண்டு ஹீட்டுக்கு நடுவே ஏறக்குறைய ஆறு ஏழு மாதம் இருக்கும். கடைசி ஹீட் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்றால் இப்போதே ஒரே மயக்கத்தில் இடுப்பும் முழங்கையும் எடுத்து மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். முடிவு வர எடுக்கும் நாட்களில் கண் மருத்துவரைப் பார்த்துவிடலாம். இடுப்பு முடிவு டிஸ்பிளாசியா என்று வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், மற்ற செலவு மிச்சம். எல்லாம் நல்லபடியாக வந்தால், அடுத்த ஹீட்டுக்கு முன் ஆண் நாயை முடிவு செய்துகொண்டு அதன் தோலுக்கடியில் இருக்கும் அடையாள மைக்ரோசிப்பை நீங்களே ஸ்கேன் செய்து பாருங்கள். இ.ஐ.சி. கிளியர் என்று அச்சிட்ட அறிக்கையிலும் எக்ஸ்ரே சான்றிலும் இருக்கும் எண் அதுதானா என்று ஒப்பிட்ட பிறகு தேதி குறித்தால் போதும்.